ஆகாயத்தில் ஒரு சீதன வீடு

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்' என்று நம் முன்னோர் இரண்டையும் இருவேறு சோதனைகளாகச் சொல்லி வைத்தனர். அவர்கள் நம் கல்முனைக் கரையோரத்துக்கு வந்து பார்த்தவர்கள் அல்லர் போலும். இங்கே இரண்டும் ஒன்றே. பெண்ணுக்கு வீடு இல்லையேல் கலியாணம் இல்லை. கலியாண வயதில் பெண் இல்லையேல் புதிய வீடு கட்டும் எண்ணமும் பெரும்பாலார்க்கு எழுவதில்லை. ஆகவே இச்சோதனையை நாம் இரு தடவை எழுதினோம். மூத்த மகளுக்காக எழுதியபோது எப்படியோ தேறிவிட்டோம். இளைய மகளுக்காக எழுதிய கதையையே இங்கு சொல்லப் புகுகின்றோம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மட்டக்களப்பின் தென்பகுதி தொடங்கி அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நீளும் இக்கரையோரத்தில், தமிழர் ஆயினும் முஸ்லிம்கள் ஆயினும், மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். அந்த வீடு பெண்ணின் பெயரில் எழுதப்படும். மூத்தவள் மணமுடித்ததும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்கு விட்டு, அதே வளவில் வேறொன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவர். அடுத்தவளின் முறை வந்தால் மீண்டும் ஒதுங்குவர். அக்கரைப்பற்றில் தங்கி இவ்வழக்கங்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்றே வெளியிட்டிருக்கின்றார். அந்நூலைப் படியாதவர்களும் நம் ஊர்த் தெருக்களில் நடந்தால் விஷயம் விளங்கிவிடும். முன்னால் பெரிய கல்வீடு, பின்னால் சிறிய கல்வீடு, அதன் பின்னால் ஓலையோ தகரமோ வேய்ந்த ஒரு குசினி. முன்வீட்டில் மகள், பின்வீட்டில் தாய், குசினிக்கு அருகில் பாட்டி. இது நம் மரபின் படம்.

சீதனத்தை நாமும் மேடைகளிற் கண்டித்தவர்களே. மாப்பிள்ளை கொடுக்கவேண்டியது மஹர். பெண் வீட்டாரிடம் கைக்கூலி கேட்பது இழுக்கு என்று ஆசிரியப் பணியிலிருந்த காலமெல்லாம் மாணவர்க்கு எடுத்துரைத்தோம். அதை இன்றும் மறுக்கவில்லை. வீடு தேடி அலைந்து முடியாமல் முதிர்கன்னியராய் நின்ற பெண்களையும், அவர்களுக்காக வெளிநாடு சென்று உழைத்து நரைத்த சகோதரர்களையும் நாம் அறிவோம். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். தன் பெயரில் உறுதியுள்ள பெண்ணை நோக்கி, 'என் வீட்டை விட்டுப் போ' என்று எந்தக் கணவனும் சொல்ல முடியாது. இந்த ஒரு வலிமையை நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றனர். சுனாமிக்குப் பின்னர் கட்டிக் கொடுத்த வீடுகளைக் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதும் பழக்கம் தலைகாட்டியபோது, அது நம் பெண்களின் பழைய உரிமையை அசைக்கின்றது என்று ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்பினரும் எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கை வீண் அன்று.

இனி நம் கதை. நம் இல்லத்தரசியாரின் தாயாருக்குக் கல்முனைக்குடியில் 40 பேர்ச் வளவு இருந்தது. மூன்று புதல்வியருக்கு அது பிரிந்தபோது நம் இல்லத்தரசியார் பங்கிற்கு 13 பேர்ச் வந்தது. அதில் 9 பேர்ச்சும் வீடும் மூத்த மகளுக்குப் போயிற்று. எஞ்சியது 4 பேர்ச். அதில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டிக்கொண்டு நாம் வாழ்கின்றோம். வீடு கட்டும் துண்டு 150 சதுர மீற்றருக்கு, அஃதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சுக்குக் குறையலாகாது என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொதுவிதி. ஆகவே நம் நான்கு பேர்ச்சைக் கொண்டு இளைய மகளுக்கு ஒன்றும் செய்ய இயலாது.

அயலில் வாங்கலாம் அன்றோ என்பீர்கள். கல்முனையின் இருப்பை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கிழக்கே வங்கக் கடல், மேற்கே கரைவாகு வயல்வெளி. இவ்விரண்டுக்கும் இடையே ஒடுங்கிய ஒரு மணற்பட்டியில் ஊருக்கு ஊர் இடைவெளியின்றி மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். கடற்பக்கம் போகலாம் என்றால் 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வருகின்றது. வயற்பக்கம் போகலாம் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கின்றது. அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. நிரப்பவும் கூடாது என்பது நம் எண்ணம். சோறு விளையும் மண்ணில் சுவர் எழுப்பிய பின்னர், மாரியில் வெள்ளம் தெருவுக்கு வருகின்றதே என்று அழுவதில் பொருளில்லை. இவ்வாறு இருபுறமும் அடைபட்ட இடத்தில் ஒரு பேர்ச்சின் விலை கொழும்பின் புறநகர் விலையோடு போட்டியிடுவதில் வியப்பென்ன?

இந்நிலையில், கொழும்பில் கணக்காளராகப் பணிபுரியும் இளைய மகள் 2018ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு வந்திருந்தபோது மெல்லச் சொன்னாள்.

"வாப்பா, எனக்கு இங்க வீடு கட்டினா யாரு இருக்கிற? நானும் கொழும்பில, பார்த்திருக்கிற மாப்பிள்ளையும் கொழும்பில. கட்டின வீட்டைப் பூட்டிப்போட்டு, அங்க போய் மாதம் மாதம் வாடகை கட்டுறதா?"

நாம் வாய் திறக்குமுன் இல்லத்தரசியார் கேட்டார்:

"அப்ப வேற என்ன செய்ற, மகள்?"

"தெஹிவளைப் பக்கம் ஒரு தொடர்மாடி வீடு வாங்கலாம், உம்மா."

இல்லத்தரசியார் எழுந்து சென்று கோழிகளுக்குத் தீன் போட்டார். அன்று அப்பேச்சு அவ்வளவில் நின்றது.

அவருடைய மௌனத்துக்குக் காரணம் உண்டு. தொடர்மாடி வாங்குவதற்கு நம்மிடம் இருந்த ஒரே வழி, கரைவாகு வட்டையில் இருந்த 2 ஏக்கர் வயலை விற்பதே. அவ்வயல் அவருடைய தாயார் அவருக்கு எழுதிக் கொடுத்தது. நம் வீட்டுச் சோறு அதிலிருந்தே வந்தது. தாயின் மண்ணைக் கொடுத்து, யாரோ கட்டிய கட்டடத்தில் ஓர் அந்தரத்துப் பெட்டியை வாங்குவதா என்ற கேள்வியை அவர் வாயாற் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மிடம் விடையும் இருக்கவில்லை.

எனினும் கொழும்புக்குப் போய்ப் பார்த்தோம். முதலில் விலை குறைந்தது என்று வெல்லம்பிட்டியை நாடினோம். 2016 மே மாதத்து வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் பட்ட பாட்டை அவ்வூரார் சொல்லக் கேட்டு, கடலிடம் தப்பியவர்கள் களனி கங்கையிடம் அகப்பட வேண்டாம் என்று திரும்பினோம். பின்னர் தெஹிவளை. ஒரு காலத்தில் ஓட்டு வீடும் மாமரமுமாய் இருந்த ஒழுங்கைகளில் இன்று ஐந்து மாடியும் எட்டு மாடியுமாய்க் கட்டடங்கள் எழுகின்றன. காலி வீதியில் புடைவைக் கடை, மருந்தகம், ரியூட்டரி. சற்று உள்ளே பள்ளிவாசல். களுபோவிலையில் பெரிய வைத்தியசாலை. கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒரே ஒழுங்கையில் வாழ்கின்றன. ஒரு பகுதி வளர்ந்து வருகின்றது என்பதற்கு, தெருவில் பாதி மணற்குவியலும் பாதி புதுப்பூட்டுமாய்க் கிடப்பதே அடையாளம்.

இங்கே நம் மடைமையைச் சொல்லியாக வேண்டும். பாதி எழுந்திருந்த ஒரு கட்டடத்தின் முன்னால், முழுதும் எழுந்த கட்டடத்தின் வண்ணப்படம் ஒன்று நின்றது. மொட்டைமாடியிற் பூந்தோட்டம், கீழே நீச்சற்குளம். கந்தோரில் இருந்த இளைஞர், "சேர், இன்றைக்கு முற்பணம் கட்டினால் விலையில் கழிவு" என்றார். நாற்பது ஆண்டுகள் மாணவர்க்கு அவசரம் ஆகாது என்று போதித்த நாம், ஓய்வூதியப் பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்த ஐந்து இலட்சத்தை அன்றே கட்டிவிட்டு, ஒரு துண்டுப் பற்றுச்சீட்டுடன் இரவு பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

கல்முனையில் நம் பழைய மாணவர் ஒருவர் நொத்தாரிசாக இருக்கின்றார். அவரிடம் பற்றுச்சீட்டைக் காட்டியதும் அவர் முகம் மாறிற்று. மூன்று கேள்விகள் கேட்டார். அக்காணி எவர் பெயரில் இருக்கின்றது, அதன்மீது ஈடு உண்டா? உள்ளூராட்சி சபை அனுமதித்த படம் எத்தனை மாடிக்கு? கட்டி முடிந்ததும் கூட்டாதனப் படம் பதிவாகும் என்பதற்கு எழுத்தில் என்ன உறுதி? மூன்றுக்கும் நம்மிடம் இருந்தது வண்ணப்படம் ஒன்றே. காணிப் பதிவகத்தில் தேடியபோது, அக்காணி ஒரு வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஈடு வைப்பது குற்றமன்று. கட்டுவோர் பலரும் அவ்வாறே பணம் திரட்டுவர். ஆனால் பணம் முழுதும் கட்டியவரின் வீட்டை அவ்வீட்டிலிருந்து விடுவித்துத் தருவோம் என்று வங்கி எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வெழுத்தைக் கேட்டோம். "பிறகு பார்க்கலாம்" என்றனர். நாமும் பிறகு பார்க்கலாம் என்று முற்பணத்தைத் திருப்பிக் கேட்டோம். எட்டு மாதங்கள் நடந்து நான்கு இலட்சம் வந்தது. ஓர் இலட்சம் வரவேயில்லை.

இதில் பெரிய பிழை பணம் கொடுத்தது அன்று, இல்லத்தரசியாருக்கு மறைத்தது. வங்கிப் புத்தகம் அவர் கையில் அகப்பட்ட அன்று அவர் சத்தமிடவில்லை. இவ்வளவே சொன்னார்:

"காசு போனா வரும். எனக்கு ஒளிச்சதுதான் வருத்தம். வயல் என்ட பேரில. கதை மட்டும் உங்கட பேரிலயா?"

அதன் பின்னர் எந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனாலும் அவரும் உடன் வந்தார். நாம் பின்னால் நடந்தோம்.

அந்த எட்டு மாதங்களில் நொத்தாரிசு நமக்கு ஒரு சிறு பாடமும் நடத்தினார். நம் நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தின்படி நிலம் எவருடையதோ அதன்மேல் எழுந்த கட்டடமும் அவருடையதே. அவ்வாறாயின் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை மட்டும் விற்பது எங்ஙனம்? இச்சிக்கலைத் தீர்க்கவே 1973ஆம் ஆண்டில் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் பிறந்தது. அதன்படி கட்டடத்தின் படம் காணிப் பதிவகத்தில் பதிவானதும், ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆதனமாகின்றது. நிலம், படிக்கட்டு, கூரை, தண்ணீர்த் தொட்டி யாவும் வீட்டுக்காரர் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்காய்ச் சேர்கின்றன. அப்பொதுவுடைமையைப் பராமரிக்க, வீட்டுக்காரர் எல்லோரும் உறுப்பினரான முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று உண்டாகின்றது. இவற்றை மேற்பார்க்கும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை, 1973இல் பொது வசதிகள் சபை என்று தோன்றி 2003இல் இப்பெயர் பெற்றது. பதிவாகாத கட்டடத்தில் பணம் கொடுப்பவர், ஆகாயத்தைக் காற்றிடம் வாங்குகின்றார். இது நொத்தாரிசின் வாக்கு.

2019 ஏப்ரல் 21ஆந் தேதி நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னர், புதிய அயலுக்குச் செல்லும் நம்மவர் உள்ளத்தில் ஒரு தயக்கம் குடியேறியிருந்தது. பல இனத்தார் வாழும் கட்டடத்தில் நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்று மகளும் அஞ்சினாள். அவ்வாண்டு நவம்பரில், இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடி வீடொன்று விலைக்கு வந்தது. ஐந்து மாடி, 20 வீடுகள். பூந்தோட்டமும் இல்லை, நீச்சற்குளமும் இல்லை. சுவரில் வர்ணம் மங்கியிருந்தது. ஆனால் படிக்கட்டு கழுவித் துடைத்திருந்தது. இல்லத்தரசியார் அதை முதலிற் கவனித்தார்.

கூட்டுத்தாபனத்தின் செயலாளராயிருந்தவர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர். கணக்குப் புத்தகத்தையும் கூட்டக் குறிப்பேட்டையும் கேளாமலே எடுத்து முன்வைத்தார். எந்த மாதம் எவர் பராமரிப்புப் பணம் கட்டவில்லை என்பது முதல் தொட்டி கழுவிய தேதி வரை அதில் இருந்தது. நமக்கு அப்போதே மனம் பாதி இசைந்துவிட்டது. ஆனால் கேள்வி கேட்கவேண்டியவர் நாம் அல்லர். இல்லத்தரசியார் கேட்டார், மகள் மொழிபெயர்த்தாள்.

"இந்த வீட்டுக்குக் காணி எவ்வளவு?"

"வீடு 850 சதுர அடி. நிலத்தில் இருபதில் ஒரு பங்கு."

"எந்த மூலை?"

"மூலை என்று காட்ட முடியாது. எல்லா மூலையிலும் இருபதில் ஒன்று."

"காட்ட ஏலாத காணி என்ன காணி?" என்று இல்லத்தரசியார் நம் பக்கம் திரும்பினார். 850 சதுர அடி என்பது மூன்று பேர்ச்சைச் சற்றே தாண்டும் என்று நாம் மனத்துள் கணக்குப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தோம். கிணறு எங்கே, மிளகாய் காயவைப்பது எங்கே என்று கேள்விகள் தொடர்ந்தன. ஈற்றில், மகள் மொழிபெயர்க்கத் தயங்கிய ஒரு கேள்வி வந்தது.

"இங்க ஒரு மௌத்து நடந்தா, சந்தூக்கு இந்தப் படியால இறங்குமா?"

லிஃப்ட் சிறியது, நான்கு பேர் நிற்கலாம். படிக்கட்டும் திரும்பித் திரும்பி இறங்குவது. மகள் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டதும் ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

தம் கணவர் நான்காம் மாடியில், நள்ளிரவுக்குப் பின், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் காலமானதை அவர் சொன்னார். பிள்ளைகள் வெளிநாட்டில். கதவைத் திறந்து வெளியே வந்து நின்றாராம். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தனவாம். இரண்டாம் மாடித் தமிழ்ப் பையன்கள் இருவரும், முதலாம் மாடி முஸ்லிம் வியாபாரியும், ஐந்தாம் மாடிச் சிங்கள இளைஞரும் ஒவ்வொரு திருப்பத்திலும் கைமாற்றிக் கைமாற்றி அவரை இறக்கினார்களாம். "ஒரு தடவையேனும் சுவரில் இடிபட விடவில்லை" என்றார்.

இல்லத்தரசியார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், பதினைந்து ஆண்டுகளாக நம்மிடம்கூட அதிகம் பேசாத ஒரு காலையைப் பற்றி அவரே சொல்லத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியளவு. நாம் ஊரில் இல்லை. கடல் வருகின்றது என்று தெரு ஓடிற்று. இரு பெண்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடியபோது, அதிகம் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு வீட்டார் தம் மாடிப்படியில் நின்று கைநீட்டி அழைத்தனர். அந்த மொட்டைமாடியில் அறுபது பேர் நின்றனராம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அந்நாளில், நம் குடும்பம் பிழைத்தது பிறருடைய படிக்கட்டினால்.

"எங்கட வீட்டுச் சுவர் நின்டிச்சா? இல்ல. அவங்கட படிதான் நின்டிச்சு" என்றார்.

மகள் அதை மொழிபெயர்த்து முடிக்குமுன் அவளுக்கே குரல் அடைத்தது. அன்று அவள் ஒன்பது வயதுச் சிறுமி. ஆசிரியை எழுந்து தேநீர் கொண்டுவந்தார். அவ்வீடு வாங்குவதென்று அப்போதே முடிவாயிற்று என்று நாம் சொன்னால் மிகையன்று. எனினும் இம்முறை நொத்தாரிசின் மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்ற பின்னரே பணம் கொடுத்தோம்.

இரண்டு ஏக்கரில் ஒன்றை மட்டும் விற்றோம். குறைந்த தொகைக்கு மாப்பிள்ளை முன்வந்தார். "மாமி, வீடு அவவின் பெயரில் இருக்கட்டும், தவணை நான் கட்டுகிறேன். கைக்கூலி ஒன்றும் எனக்கு வேண்டாம்" என்றார். வட்டிக் கடனை நம் இரு குடும்பத்தாரும் விரும்பவில்லை. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதன் பின்னர், வங்கியும் வாங்குபவரும் பங்காளராகி, வாங்குபவர் வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கித் தீர்க்கும் முறைக்கு நம் நாட்டில் வழி திறந்திருக்கின்றது. அம்முறையில் ஒழுங்கு செய்து, பங்கு தீருந்தோறும் வீடு முழுதும் மகளுக்கே சேரும்படி எழுதுவித்தோம். உறுதியில் மகளின் பெயரை இல்லத்தரசியார் எழுத்தெழுத்தாய் விரல் வைத்துப் படித்தார். 2020 பெப்ரவரியில் கல்முனையில் காவின் நடந்தது. மணமகன் மணமகளின் வீட்டுக்குச் செல்லும் வழக்கம் மட்டும் தெஹிவளையில், லிஃப்டில் ஏறி நிறைவேறிற்று.

ஒரு வீட்டின் குணம் துன்பகாலத்திலேயே தெரியும். 2022 மார்ச் மாதம் பேத்தி பிறந்திருந்தாள்; நாமும் அங்கே தங்கியிருந்தோம். மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, அம்மாத இறுதியில் 13 மணி நேரம் வரை சென்றது. லிஃப்ட் நின்றது, தண்ணீர் ஏற்றும் பம்பும் நின்றது. கட்டடத்தின் மின்பிறப்பாக்கிக்குக் கிடைத்த டீசல் சொற்பம். லிஃப்டுக்கா, பம்புக்கா என்று மொட்டைமாடியில் மெழுகுதிரி வெளிச்சத்தில் கூட்டம் நடந்தது. ஐந்தாம் மாடியில் முதியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு லிஃப்ட் வேண்டும். எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும். பேச்சு வளர்ந்து ஏச்சாகும் நிலை வந்தது. ஈற்றில், டீசல் பம்புக்கே என்றும், முதியவருக்கு வேண்டிய மருந்தையும் உணவையும் இளைஞர் முறைவைத்து ஏற்றுவதென்றும் முடிவாயிற்று. பச்சைக் குழந்தை உள்ள வீடென்று நம் வாசலில் தினமும் எவரோ ஒரு வாளி தண்ணீர் வைத்துச் சென்றனர். எவர் என்று கேட்டும் அறியமுடியவில்லை. ஏப்ரலில் நோன்பு பிறந்ததும், இல்லத்தரசியார் கஞ்சியை இருபது வீட்டுக்கும் அனுப்பிவைத்தார். அதுவே எம்மாலான மறுமொழி.

எல்லாம் இனிமை என்று எழுதினால் அது பொய். மிளகாய் காயவைக்க மொட்டைமாடியில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது இல்லத்தரசியாருக்குப் பெருங்குறை. மேல்வீட்டில் நாற்காலி இழுத்தால் நம் தலையில் இடி. அதிகாலையில் சில நாள் மிருகக்காட்சிச்சாலைப் பக்கமிருந்து ஏதோ ஒரு விலங்கு கத்தும். மாதாந்தப் பராமரிப்புப் பணம் ஆண்டுதோறும் ஏறுகின்றது. கட்டாத ஒருவருக்காகக் கட்டுகின்ற பத்தொன்பது பேர் மனம் புழுங்குவதும் உண்டு. கிணற்றில் வாளி விழும் ஓசை அங்கே இல்லை. மாதக் கணக்கில் தங்கினால் இல்லத்தரசியாருக்குக் கால் மண் தேடுகின்றது.

ஆயினும் இத்தகைய வாழ்வு நம் கரையோரத்துக்கும் அந்நியமாய் இருக்கப்போவதில்லை. சுனாமிக்குப் பின்னர் கல்முனையிலேயே கிறீன் பீல்ட் போன்ற இடங்களில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கடலும் வயலும் விரியப்போவதில்லை; மக்கள் தொகை சுருங்கப்போவதுமில்லை. 1960இல் வீடமைப்புச் சபை அமைத்த சிங்கப்பூரில் இன்று மக்களுள் பெரும்பகுதியினர் அச்சபை கட்டிய மாடி வீடுகளிலேயே வாழ்கின்றனர். அங்கே பல இனத்தார் ஒரே படிக்கட்டைப் பகிர்கின்றனர். நம்மவரும் வயலை நிரப்புவதை விட்டு மேல்நோக்கிக் கட்டுவதைப் பற்றி எண்ணியாக வேண்டிய காலம் வந்துவிட்டது. அப்போது கட்டடம் எழுப்புவது எளிது. அதன் படிக்கட்டை யார் கழுவுவது என்பதே கடினம். வேலிக்குள் வாழ்ந்து பழகிய நாம் அதைப் பயில வேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்கு இவ்வாறு வீடு வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு, நம் ஓர் இலட்சம் கற்பித்த பாடத்தை இலவசமாகச் சொல்லிவைக்கின்றோம். வண்ணப்படத்தைப் பாராதீர்கள், பதிவான படத்தைப் பாருங்கள். ஈடு உண்டா என்று காணிப் பதிவகத்தில் தேடுங்கள். கூட்டுத்தாபனத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் சென்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாழப்போகும் பெண்ணையும் அவள் தாயையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இராது.

எஞ்சிய ஓர் ஏக்கர் இன்னும் இல்லத்தரசியாரின் பெயரிலேயே இருக்கின்றது. ஒவ்வொரு பெரும்போகம் முடிந்ததும் ஒரு மூடை அரிசி கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் தெஹிவளைக்குப் போகின்றது. சென்ற தடவை மூடையின் வாயைத் தைக்குமுன் இல்லத்தரசியார் ஒரு சிறு பையில் ஒரு கொத்து அரிசியைத் தனியே கட்டி உள்ளே வைத்தார். யாருக்கு என்று கேட்டோம்.

"நாலாம் மாடி ரீச்சருக்கு" என்றார். "அதுவும் எங்கட வளவுதானே."